உங்க அக்கவுன்ட் வாடகைக்குக் கிடைக்குமா பாஸ்?

''மச்சி, உன் பேங்க் அக்கவுன்ட்டை ஒரு மாசத்துக்கு வாடகைக்குக் குடுக்குறியா?''

கேன்டீனில் பாதி சமோசாவோடு உட்கார்ந்திருந்த என்னிடம் இப்படி ஒரு கேள்வி வந்து விழுந்தது. கேட்டவர் எங்க சீனியருக்குத் தெரிந்த ஒரு அண்ணன். பைக்கை வாடகைக்கு விடுவாங்க, ரூமை வாடகைக்கு விடுவாங்க, ஆடி மாசம் ஸ்பீக்கர் செட்டைக்கூட வாடகைக்கு விடுவாங்க... பேங்க் அக்கவுன்ட்டையுமா?

''உனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஏ.டி.எம். கார்டு, பாஸ்புக், அந்த நம்பரோட சிம் கார்டு... மூணையும் குடுத்துட்டு நீ பாட்டுக்கு செமஸ்டருக்குப் படி. மாசம் அஞ்சாயிரம் உன் கையில!''

அன்றைக்கு என் அக்கவுன்ட்டில் இருந்தது 212 ரூபாய். 'இதுல திருட என்ன இருக்கு?' என்றுதான் முதலில் தோன்றியது. அஞ்சாயிரத்துக்கு ஹெட்போன் வாங்கலாமா, ஷூ வாங்கலாமா என்று மனசு பட்டிமன்றமே நடத்த ஆரம்பித்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன் ஃப்ரெண்ட்ஸ்... ''முடியாதுண்ணா'' என்று நான் சொல்லவில்லை. ''நாளைக்குச் சொல்றேண்ணா'' என்றுதான் சொன்னேன்.

அந்த 'நாளைக்கு' வருவதற்குள் எங்கள் அபிராமபுரம் ஃப்ளாட்டில் ஒரு கூத்து நடந்தது. கூத்து என்று சொல்லக் கூடாது, வயிற்றைக் கலக்கிய விஷயம் அது.

எதிர் ஃப்ளாட்டில் 'அரெஸ்ட்'!

மந்தைவெளிக்கும் ஆழ்வார்பேட்டைக்கும் நடுவில் இருக்கிற அபிராமபுரம் ரொம்ப அமைதியான ஏரியா. பாதி வீடுகளில் பசங்க அமெரிக்காவிலோ, சிங்கப்பூரிலோ இருப்பார்கள். இங்கே தாத்தா, பாட்டி, ஒரு டி.வி., ஒரு ஸ்மார்ட்போன். போனில் ஏதாவது மக்கர் பண்ணினால் அவர்கள் தேடுவது, பக்கத்து ஃப்ளாட் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டை. எங்கள் அபார்ட்மென்ட்டில் அந்த கஸ்டமர் கேர் நான்தான்.

மறுநாள் காலையில் எதிர் ஃப்ளாட் பாட்டி கதவைத் தட்டினார். ''தம்பி, தாத்தா விடிஞ்சதுல இருந்து ரூமை விட்டு வெளியே வரலைப்பா. யார்கிட்டயோ போன்ல 'எஸ் சார்... எஸ் சார்'னு பேசிட்டே இருக்கார். காபியைக்கூட வெளியிலயே வெச்சுட்டுப் போகச் சொல்றார். எனக்கு பயமா இருக்கு.''

போய்ப் பார்த்தேன். எழுபத்து நாலு வயசு தாத்தா கட்டிலில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். எதிரே தலையணையில் சாய்த்து வைத்த போன். வீடியோ காலில் போலீஸ் யூனிஃபார்மில் ஒருத்தன். பின்னாடி சுவரில் பெரிய சின்னம், பக்கத்தில் தேசியக் கொடி. என்னைப் பார்த்ததும் தாத்தா உதட்டில் விரலை வைத்து, ''சத்தம் போடாதே'' என்று சைகை காட்டினார்.

விஷயம் இதுதான்... தாத்தாவின் ஆதார் நம்பரை வைத்து யாரோ அனுப்பிய பார்சலில் போதை மருந்து இருந்ததாம். அவர் 'டிஜிட்டல் அரெஸ்ட்'டில் இருக்கிறாராம். கேமராவை விட்டு நகரக் கூடாது. மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது. அக்கவுன்ட்டில் இருக்கும் பணம் சுத்தமான பணம்தானா என்று 'சரிபார்க்க' அனுப்ப வேண்டும். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்களாம்!

நான் போனை எடுத்து காலை கட் பண்ணினேன். தாத்தாவுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. ''ஐயோ... இப்போ வீட்டுக்கு போலீஸ் வந்துடுமேப்பா!'' என்றார். வாழ்க்கையில் ஒரு டிராஃபிக் ஃபைன்கூட கட்டாத மனுஷன்.

கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். ''ஒண்ணே நாப்பது அனுப்பிட்டேன்பா.''

ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அடுத்து ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைக்கச் சொல்லியிருந்தார்கள். பேங்குக்குக் கிளம்புவதற்குத்தான் சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை பெரிய எழுத்தில் மனசுக்குள் ஒட்டிக்கொள்ளுங்கள். இந்தியச் சட்டத்தில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்த போலீஸும், சி.பி.ஐ.யும், நீதிபதியும் வீடியோ காலில் கைது பண்ண மாட்டார்கள். பணத்தை 'வெரிஃபை' பண்ணவும் மாட்டார்கள். 2024 அக்டோபர் 27 அன்று பிரதமர் தன் மாதாந்தர வானொலிப் பேச்சிலேயே இதை எச்சரித்துச் சொல்லும் அளவுக்கு இந்த மோசடி நாடு முழுக்கப் பரவியிருந்தது.

1930... நாலே நம்பர்!

பாட்டி அழ ஆரம்பிக்க, நான் செய்த ஒரே உருப்படியான காரியம் 1930-க்கு போன் போட்டது. பணம் பறிபோனால் கூப்பிட வேண்டிய தேசிய சைபர் க்ரைம் நம்பர் இது. 2021 ஏப்ரலில் 155260 என்ற நம்பரோடு தொடங்கியது, பிறகு ஞாபகம் வைக்க வசதியாக 1930 ஆனது.

அவர்கள் கேட்டது: யார் பெயரில் அக்கவுன்ட், எந்த பேங்க், எவ்வளவு, எத்தனை மணிக்கு, அந்தப் பரிமாற்றத்தின் ரெஃபரன்ஸ் நம்பர் என்ன. தாத்தாவின் எஸ்.எம்.எஸ்.ஸைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். முடிந்ததும் ஒரு புகார் எண் தந்தார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது தெரியுமா? நாம் சொன்ன விவரம், பணம் போய்ச் சேர்ந்த பேங்குக்கு உடனே போகும். பணம் அந்த அக்கவுன்ட்டிலேயே இருந்தால் அப்படியே நிறுத்தி வைப்பார்கள். அங்கிருந்து வேறு அக்கவுன்ட்டுக்குத் தாவியிருந்தால், தகவல் அந்த பேங்குக்குப் போகும். அங்கேயும் இல்லையென்றால் அதற்கு அடுத்தது. ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டால் கதை முடிந்தது. ஆக, இது ஒரு ஓட்டப் பந்தயம். திருடன் ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டான். நாம் 'வெளியில தெரிஞ்சா அசிங்கம்' என்று யோசித்துக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவன் முன்னாடி போய்க்கொண்டே இருப்பான்.

தாத்தாவின் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தில் 62,000 ரூபாய் வழியில் பிடிபட்டு நின்றது. மீதி 78,000 போன இடம் தெரியவில்லை. நிறுத்தி வைத்த பணமும் உடனே கைக்கு வந்துவிடாது, அதற்குத் தனி நடைமுறை இருக்கிறது. தாத்தா காத்துக்கொண்டிருக்கிறார்.

அன்று மாலை ஸ்டேஷனுக்கு தாத்தாவோடு நானும் போனேன். அடுத்த சில வாரங்களில் விசாரணை நகர்ந்தபோது ஒரு தகவல் தெரிந்தது. தாத்தாவின் பணம் முதலில் போய் விழுந்த அக்கவுன்ட் ஒரு காலேஜ் பையனுடையது. வேறு மாநிலம். வயசு பத்தொன்பது. கார்டு, பாஸ்புக், சிம்... மூணையும் மாச வாடகைக்குக் கொடுத்திருக்கிறான்.

எனக்கு அந்த சமோசா தொண்டையில் சிக்கின மாதிரி இருந்தது.

கழுதை மேல மூட்டை!

இப்படிப்பட்ட அக்கவுன்ட்டுக்கு 'மியூல் அக்கவுன்ட்' என்று பெயர். மியூல் என்றால் கோவேறு கழுதை. யாரோ திருடின மூட்டையை, யாருடையது என்றே தெரியாமல் சுமந்துகொண்டு போகிற ஜீவன். மூட்டைக்காரன் கடைசிவரை கண்ணில் பட மாட்டான். மாட்டிக்கொள்வது கழுதை மட்டும்தான்!

யோசித்துப் பாருங்கள். ஆன்லைன் திருடனுக்கு தாத்தாவை ஏமாற்றுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, அந்தப் பணத்தைக் கையில் எடுப்பது. தன் சொந்த அக்கவுன்ட்டில் வாங்கினால் பத்து நிமிஷத்தில் மாட்டுவான். அதனால்தான் அவனுக்கு என்னையும் உங்களையும் மாதிரி ஆள் வேண்டும். ஒழுங்கான ஆதார், ஒழுங்கான பான் கார்டு, போலீஸ் ரெக்கார்டே இல்லாத ஸ்டூடன்ட். என் 212 ரூபாயை அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அவன் வாடகைக்கு எடுப்பது என் பெயரை.

மாட்டினால் என்ன ஆகும்? முதலில் அக்கவுன்ட் முடங்கும். ஸ்காலர்ஷிப் அதில்தான் வருகிறது என்றால் அதுவும் நிற்கும். அப்புறம் போலீஸ் தேடி வரும். எந்த ஊரில் புகாரோ அந்த ஊருக்குப் போய் நிற்க வேண்டும். ''எனக்கு ஒண்ணும் தெரியாது சார், சும்மா கார்டு குடுத்தேன்'' என்பதை அங்கே போய் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூ, பாஸ்போர்ட் எல்லாமே சிக்கலாகலாம். மாசம் அஞ்சாயிரத்துக்கு இதெல்லாம் ரொம்ப ஓவர் விலை பாஸ்!

இப்போது பேங்க்குகளும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் பார்க்கின்றன. இந்தக் கழுதை அக்கவுன்ட்களை மோப்பம் பிடிக்க 'மியூல்ஹன்டர்' என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளை உருவாக்கியிருப்பதாக ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் அறிவித்தது. 212 ரூபாய் இருந்த ஸ்டூடன்ட் அக்கவுன்ட்டில் திடீரென்று லட்சம் வந்து, வந்த வேகத்தில் வெளியே போனால்... சந்தேகம் வராமல் இருக்குமா?

தூத்துக்குடி டு மும்பை... ஒரு இ-மெயில் செய்த வேலை

இது ஏதோ நேற்று முளைத்த மோசடி என்று நினைக்காதீர்கள். நம்ம தமிழ்நாட்டிலேயே ஒரு பிரபலமான வழக்கு இருக்கிறது.

அபுதாபியில் வேலை பார்த்த ஒரு இன்ஜினீயர். தூத்துக்குடி ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக் கிளையில் அக்கவுன்ட். 2007 செப்டம்பரில் அவருக்கு ஒரு இ-மெயில் வந்தது. பேங்க் அனுப்பியது மாதிரியே இருந்தது. 'உங்கள் இன்டர்நெட் பேங்கிங் விவரங்களை உடனே தராவிட்டால் அக்கவுன்ட் இல்லாமல் போய்விடும்' என்று மிரட்டல். அவரும் நம்பி விவரங்களைக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நாளில் 6.46 லட்சம் ரூபாய் காணோம்!

பணம் எங்கே போனது? மும்பையில் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்த அக்கவுன்ட்டுக்கு. அங்கே ஒரு கிளையில் 4.6 லட்சம் ரூபாயை ரொக்கமாகவே எடுத்துவிட்டார்கள். பார்த்தீர்களா? அப்பவும் நடுவில் ஓர் அக்கவுன்ட் தேவைப்பட்டிருக்கிறது.

'கஸ்டமர் தானே பாஸ்வேர்டைக் கொடுத்தார், நாங்கள் என்ன செய்ய?' என்பது பேங்க்கின் வாதம். நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைக் கேட்டு, 'ஆமாம், நம்ம தப்புதான்' என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்பியிருப்போம். அவர் கிளம்பவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி இப்படிப்பட்ட இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் ஒவ்வொரு மாநிலத்திலும் ஐ.டி. துறைச் செயலாளருக்கு இருக்கிறது. சென்னையில் அவரிடம் மனு போட்டார். 2010 ஏப்ரலில் அப்போதைய ஐ.டி. செயலாளர் பி.டபிள்யூ.சி. டேவிதார் தீர்ப்பு சொன்னார். 'வாடிக்கையாளரைப் பாதுகாக்க பேங்க் போதுமான அக்கறை எடுத்துக்கொண்டதாக நிரூபிக்கவில்லை, வட்டி, செலவு எல்லாம் சேர்த்து 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும்' என்பதுதான் சாரம். பேங்க் மேல்முறையீட்டுக்குப் போனது. அதை விசாரிக்க வேண்டிய சைபர் தீர்ப்பாயத்துக்கோ 2011-க்குப் பிறகு பல வருஷம் தலைவரே இல்லை. 2017-ல் அந்தத் தீர்ப்பாயத்தையே இன்னொன்றோடு இணைத்துவிட்டார்கள். சட்டம் நம் பக்கம் இருந்தாலும் ஷூ தேயும் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

இந்தக் கதையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ரெண்டு. ஏமாந்தவரிடமே முழுப் பழியையும் போட்டுவிட முடியாது, கேட்டால் நியாயம் கிடைக்க வழி இருக்கிறது. இன்னொன்று, புகார் கொடுத்தால்தான் அந்த வழியே திறக்கும்.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையும் நேரத்தைத்தான் பிடித்துக்கொண்டது. தப்பு நம் மேலும் இல்லை, பேங்க் மேலும் இல்லை, வேறு எங்கேயோ ஓட்டை என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் பேங்குக்குச் சொன்னால் நமக்கு நஷ்டமே இல்லை என்றது. நாமே பின் நம்பரைக் கொடுத்திருந்தால், பேங்குக்குச் சொல்லும் வரைக்கும் போனது நம் கணக்கு, சொன்ன பிறகு போனால் பேங்க்கின் கணக்கு. அதனால் ஏமாந்தது புரிந்த அந்த நிமிஷமே வாயைத் திறங்கள்.

வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு சென்னையிலேயே இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 2004 பிப்ரவரியில் ஒரு பெண்ணின் பெயரில் இன்டர்நெட்டில் ஆபாசமான செய்திகளைப் போட்டு, அவருடைய போன் நம்பரையும் கொடுத்துவிட்டான் ஒருத்தன். கண்டவர்களெல்லாம் போன் பண்ண ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் முடங்கிப் போகாமல் போலீஸில் புகார் கொடுத்தார். சென்னை சைபர் க்ரைம் போலீஸ் மும்பை வரைக்கும் போய் ஆளைப் பிடித்தது. அதே வருஷம் நவம்பர் 5-ம் தேதி எழும்பூர் கோர்ட்டில் தண்டனை! தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவில் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனை அது என்று சொல்வார்கள். ஃபேக் ஐ.டி., மார்ஃபிங் போட்டோ என்று யாராவது மிரட்டினால் தோழிகளே... பயப்பட வேண்டியது நீங்கள் இல்லை, அவன்தான்.

பூட்டை யாரும் உடைக்கறதில்லை!

ஹேக்கர் என்றதும் சினிமாவில் காட்டுகிற மாதிரி, இருட்டு ரூமில் பச்சை எழுத்து ஓட, ஒருத்தன் டக்டக்கென்று டைப் அடித்து உள்ளே நுழைவான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நிஜத்தில் அவன் காலிங் பெல் அடித்து, ''சாவி குடுங்க'' என்கிறான். நாம் கொடுக்கிறோம். அவன் சாவி கேட்கிற ஸ்டைல்கள் சிலவற்றைப் பார்ப்போம்.

லவ் லெட்டரும் கல்யாணப் பத்திரிகையும்: 2000 மே மாதம் உலகத்தையே ஆட்டி வைத்தது 'ஐ லவ் யூ' வைரஸ். பிலிப்பைன்ஸில் இருந்து கிளம்பியது. இ-மெயிலில் 'உனக்கு ஒரு லவ் லெட்டர்' என்று ஓர் இணைப்பு. யார் லவ் லெட்டரைத் திறக்காமல் இருப்பாங்க? திறந்தால் அது நம் அட்ரஸ் புக்கில் இருக்கும் எல்லோருக்கும் போகும். இன்றைக்கு அதே டெக்னிக்தான். வாட்ஸ்அப்பில் 'கல்யாணப் பத்திரிகை' என்றோ, 'டிராஃபிக் ஃபைன்' என்றோ ஒரு ஏ.பி.கே. ஃபைல் வரும். தொட்டால் இன்ஸ்டால் ஆகும். 'எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி' கேட்கும். கொடுத்தால் அவ்வளவுதான், உங்கள் ஓ.டி.பி. எல்லாம் அவனுக்கும் ஒரு காப்பி போகும்! பத்திரிகை படமாகவோ, பி.டி.எஃப்.பாகவோதான் வரும். ஆப்பாக வந்தால் அது கல்யாணம் இல்லை, கருமாதி.

பணம் வாங்க பின் எதுக்கு?: பழைய கட்டிலை ஆன்லைனில் விற்கப் போனால், ''பணம் அனுப்பறேன், உங்க யு.பி.ஐ. பின்னைப் போடுங்க'' என்பான். யு.பி.ஐ. பின் நம் பணம் வெளியே போவதற்கு மட்டும்தான். உள்ளே வருவதற்கு எந்த பின்னும் தேவையில்லை.

திரையைப் பகிரும் ஆப்: ''சார், உங்க பிரச்னையை நான் இங்கிருந்தே சரி பண்றேன், இந்த ஆப்பை மட்டும் போட்டுக்குங்க'' என்று யாராவது போனில் சொன்னால், அவன் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க இடம் கேட்கிறான் என்று அர்த்தம்.

பூட்டுப் படம் பார்த்து ஏமாறாதே: வெப்சைட் முகவரிக்குப் பக்கத்தில் சின்ன பூட்டு இருந்தால் பத்திரம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நமக்கும் அந்த சைட்டுக்கும் நடுவில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். எதிரில் இருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லாது. திருடனும் பூட்டு வாங்கலாமே! இந்தக் குழப்பத்தால்தான் குரோம் பிரவுசர் 2023-ல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

அப்போ எதைப் பார்ப்பது? முகவரியில் முதல் ஒற்றை ஸ்லாஷுக்கு முன்னால் கடைசியாக என்ன பெயர் இருக்கிறதோ, அவன்தான் முதலாளி. முன்னாடி உங்கள் பேங்க் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கலாம். கடைசியில் 'அப்டேட் டாட் காம்' என்று முடிந்தால் அது பேங்க் இல்லை, அப்டேட்காரனின் வீடு. இதற்காகவே 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிகளுக்கு மாறும்படி இந்திய பேங்க்குகளுக்கு ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31 வரை கெடு வைத்தது. அந்த வால் பேங்க்குகளுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

ஒரே சாவி, ஒன்பது வீடு: இமெயில், இன்ஸ்டாகிராம், காலேஜ் போர்ட்டல், பிரியாணி ஆப்... எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டா? பிரியாணி ஆப்பில் திருடினால் போதும், இமெயிலையும் திறந்துவிடுவான். இமெயில் போனால் எல்லாமே போச்சு, 'ஃபர்காட் பாஸ்வேர்டு' எல்லாம் அங்கேதானே வரும்! கொஞ்சம் கணக்கு போடுவோமா? சின்ன ஆங்கில எழுத்துகள் மட்டும் வைத்து எட்டு எழுத்து பாஸ்வேர்டு என்றால் சுமார் 20,880 கோடி விதமாக அமைக்கலாம். கம்ப்யூட்டருக்கு இது ஜுஜுபி. இன்னும் நாலே நாலு எழுத்து சேர்த்து பன்னிரண்டாக்கினால், அதைப்போல நாலரை லட்சம் மடங்குக்கும் மேல். அதனால் கஷ்டமான பாஸ்வேர்டைவிட நீளமான பாஸ்வேர்டு நல்லது. சம்பந்தமே இல்லாத நாலைந்து வார்த்தைகளைக் கோத்து வையுங்கள். கூடவே 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷ'னையும் ஆன் பண்ணிவிடுங்கள்.

ஓசி சாஃப்ட்வேர்: இது நம் ஹாஸ்டல் ஸ்பெஷல். ப்ராஜெக்ட்டுக்கு ஒரு சாஃப்ட்வேர் வேணும், விலை லட்சம் ரூபாய், ஃப்ரெண்டிடம் 'கிராக்' இருக்கிறது. அதை இன்ஸ்டால் பண்ண ஆன்டி வைரஸை ஆஃப் பண்ணச் சொல்லும். நாமும் சமர்த்தாக ஆஃப் பண்ணுவோம். வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு திருடனுக்கு ஆரத்தி எடுக்கிற மாதிரி! ஸ்டூடன்ட் லைசென்ஸ் இலவசமாகக் கிடைக்கிறதா என்று முதலில் டிபார்ட்மென்ட்டில் கேளுங்கள்.

நாளைக்கு அப்டேட் பண்ணிக்கலாம்: 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் போட்டு பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே ஸ்தம்பித்தன. இதில் கொடுமை என்ன தெரியுமா? அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. ரெண்டு மாசமாக 'ரிமைண்ட் மீ லேட்டர்' அழுத்தியவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. லேப்டாப்பில் என்ன ஓடுகிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

திடீர்னு சிக்னல் போச்சா?: பக்கத்தில் இருப்பவருக்கு அதே கம்பெனி சிக்னல் ஃபுல்லாக இருக்க, உங்களுக்கு மட்டும் மணிக்கணக்கில் இல்லையென்றால் அலட்சியம் வேண்டாம். உங்கள் நம்பருக்கு வேறு யாரோ டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கலாம். உடனே இன்னொரு போனில் இருந்து கம்பெனிக்கும் பேங்குக்கும் பேசுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே சொல்லலாம்.

ஏற்கெனவே குடுத்துட்டேனே!

இதைப் படிக்கும் யாராவது ஏற்கெனவே கார்டையும் சிம்மையும் கொடுத்திருக்கலாம். ஒளிக்காதீர்கள். முதலில் பேங்குக்குப் போய், அந்த அக்கவுன்ட்டை யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று எழுதிக் கொடுத்து, கார்டை பிளாக் பண்ணுங்கள். எழுதிக் கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். சிம்மை முடக்குங்கள். கேட்டவர் அனுப்பிய மெசேஜ்களை அழிக்காமல் வையுங்கள், அவைதான் உங்கள் சாட்சி. வீட்டில் சொல்லுங்கள். திட்டு விழும். அம்மா ரெண்டு நாள் பேச மாட்டார். அப்புறம் அவர்களோடேயே போய் சைபர் க்ரைமில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். போலீஸ் தேடி வருவதற்கு முன் நாம் போவதற்கும், வந்த பிறகு அழுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 'வெளிநாட்டில் டேட்டா என்ட்ரி வேலை, கை நிறைய சம்பளம்' என்று வருகிற ஆஃபர்களிலும் இதே கும்பல்கள் இருக்கின்றன. ஐ.டி. வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவாடியில் மாட்டிக்கொண்ட தமிழ் இளைஞர்கள் 2022-ல் மீட்கப்பட்டு சென்னை வந்து இறங்கினார்கள். அங்கே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, ஆன்லைனில் ஆட்களை ஏமாற்றுவது. நம்மை மிரட்டுகிற குரலுக்குப் பின்னால்கூட நம்மைப் போல ஒருத்தன் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

மறுபடி கேன்டீன்...

அந்த அண்ணன் மறுபடியும் வந்தார். ''என்ன மச்சி, யோசிச்சியா?''

''வேணாம்ணா'' என்றேன். பெரிய டயலாக் எல்லாம் பேசவில்லை. எதிர் ஃப்ளாட் தாத்தா கதையை மட்டும் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டவர், பாதியில் எழுந்து போய்விட்டார். அவர் நம்பரையும் மெசேஜையும் டிபார்ட்மென்ட் சாரிடம் கொடுத்திருக்கிறேன். எங்கள் வகுப்பில் இன்னும் ரெண்டு பேரிடம் அவர் கேட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

தாத்தா இப்போது தெரியாத நம்பர் வந்தால் எடுப்பதில்லை. 1930 என்று ஒரு சீட்டில் எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். அபார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து நின்று, 'நான் ஏமாந்தேன்' என்று நடந்ததை அவரே சொன்னார். அதற்கு அப்புறம்தான் மூன்றாவது மாடி ஆன்ட்டி, தனக்கும் போன மாசம் இதே மாதிரி 30,000 ரூபாய் போனதாக மெதுவாகச் சொன்னார். அவர் அதுவரை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தாத்தாவின் போனில் அப்டேட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாட்டி காபி கொண்டுவந்து வைத்தார். தாத்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

''அந்தப் பத்தொன்பது வயசுப் பையன்... அவன் என்ன ஆனான்பா? பரீட்சை எழுதினானா?''

எனக்குத் தெரியாது ஃப்ரெண்ட்ஸ். ஆனால் அந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டியது. ஒரே ஒரு 'நாளைக்குச் சொல்றேண்ணா'தான் நடுவில் இருந்தது.